மயில் தாழ்ப்பாள்

போன சித்திரையில், மரக்காணத்தில் எங்கள் உப்பளத்தை ஒட்டிய புது வீட்டில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் என்மேலேயே எனக்கு எரிச்சலாக வருகிறது.

வீடு கட்டும்போது பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் வாங்க மட்டும் மூன்று முறை பாண்டிச்சேரிக்குப் போனேன். கடைசியில் தங்க நிறத்தில், மயில் வடிவத்தில் ஒன்று கிடைத்தது. மயிலின் கழுத்தைப் பிடித்துத் தள்ளினால் தாழ் விழும். கதவு மாட்ட வந்த ஆசாரி தலையில் அடித்துக்கொண்டார்.

"யக்கா, இங்க அடிக்கிறது உப்புக்காத்து. இது உள்ள இரும்பு, மேல வெறும் முலாம். சாதா ஸ்டீல் போடுங்க, போதும்."

உப்புக்காற்றில் இரும்பு என்ன பாடுபடும் என்று இருபது வருஷமாகப் பார்ப்பவள் நான். எங்கள் உப்பளத்தில் உப்பு வாரும் பலகைகூட மரம்தான். ஆனாலும் கேட்கவில்லை. வருகிறவர்கள் பார்த்து அசந்துபோக வேண்டுமே!

எட்டே மாதம். அன்று காலை வீட்டில் யாரும் இல்லை. குளித்துவிட்டு மயிலை இழுத்தேன், கழுத்து கையோடு வந்துவிட்டது. தாழ் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. போன் ஹாலில் அடித்துக்கொண்டே இருந்தது. கத்தினேன், கதவை உதைத்தேன், கடைக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

ஒரு மணி நேரம் கழித்துப் பின்பக்கம் ஒரு குரல் கேட்டது. எங்கள் உப்பளத்தில் உப்பு சுமக்கும் பெண். விஷயத்தைச் சொன்னதும் திறந்திருந்த பின்கதவு வழியாகப் போய்ச் சமையலறையில் தேடி, வாளியைக் கவிழ்த்து ஏறி நின்று, வென்டிலேட்டர் வழியாகச் சுத்தியலும் தேங்காய் எண்ணெயும் நீட்டினாள்.

"எண்ணெய ஊத்திட்டு ஓரமா தட்டுங்கம்மா. வந்துரும்."

தட்டித் தட்டிக் கை சிவந்ததுதான் பலன். "போய் வேற யாரையாவது கூட்டிட்டு வாயேன்" என்று அவள்மேலேயே எரிந்து விழுந்தேன். "இன்னும் கொஞ்சம்தாம்மா, தட்டுங்க" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. நான் எங்கே கவனித்தேன்?

ஒருவழியாகத் தாழ் நகர்ந்தது. வெளியே வந்தால், அவள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நிற்கிறாள்.

"அம்மா, நான் கொஞ்சம் பாத்ரூம் போய்க்கவா? அதுக்குதான் வந்தேன். ரெண்டு நாளா நீர்க்கடுப்பு. வெட்டவெளில எத்தினி வாட்டிதான் போறது?"

"மத்த நாள்ல என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"விடியறதுக்குள்ள போய்ட்டு வந்துருவோம். அப்புறம் வேல முடியற வரைக்கும் தண்ணி குடிக்க மாட்டோம். முடியலன்னா ரெண்டு பேரு மறைப்பா பொடவைய புடிச்சிப்பாங்க."

சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. உள்ளே போனவள் கதவிடுக்கில் எட்டிப் பார்த்து, "தாப்பாளு இல்லியேம்மா, கொஞ்சம் நிக்கிறீங்களா?" என்றாள். அவள் வரும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த மாதமே உப்பளத்தின் ஓரத்தில் பெண்களுக்கு இரண்டு கழிப்பறை கட்டினோம். இதற்காக யாரும் என்னைப் பாராட்ட வேண்டாம். அந்த வெயிலில் அவர்கள் ஏன் தண்ணீர் குடிப்பதே இல்லை என்று இருபது வருஷத்தில் ஒருநாள்கூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லையே, அதை எந்தக் கதவு போட்டு மறைப்பேன்?