இடப்பக்க ஆணியில் ஒரு டோக்கன்

தேவகியின் தம்பி தொலைபேசியில் அழைத்தபோது, என் எதிரே ஒரு கணினியில் விண்டோஸ் ஏறிக்கொண்டிருந்தது. அறுபது சதவீதம். "அக்கா போயிட்ச்சி சேகரண்ணா. காத்தால எழுப்பினா எழுந்துக்கல" என்றான். பாதியில் நிறுத்தினால் பெட்டி கெட்டுவிடும் என்பது அவளே ஓயாமல் சொல்வது. ஆகவே நூறு வரும்வரை அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊரிகத்தில் இருந்த அவள் வீட்டுக்குப் போகும் வழியில்தான் அழுகை வந்தது.

ராபர்ட்சன்பேட்டையில் நானும் அவளும் கூட்டாக நடத்திய பழுதுபார்க்கும் கடைக்கு வந்தவர்கள், சுவரில் இருந்த பலகையை மறந்திருக்க மாட்டீர்கள். அவளுடைய அப்பா இங்கே தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர். உள்ளே இறங்குபவர் டோக்கன் எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும், ஏறியதும் திருப்பி மாட்ட வேண்டும். ஒரு டோக்கன் குறைந்தாலும் கீழே ஆள் இருக்கிறது என்று பொருள். தேவகி அதை ஹார்ட் டிஸ்க்குக்குக் கொண்டுவந்தாள். காப்பாற்ற வேண்டிய கோப்பு ஒவ்வொன்றையும் வட்டமாக வெட்டிய அட்டையில் எழுதி இடப்பக்க ஆணியில் மாட்டுவாள். காப்பி எடுத்துத் திறந்து பார்த்த பிறகே அது வலப்பக்கம் போகும். இடப்பக்கம் காலியானதும், "உள்ள யாருனா கீறாங்களா?" என்று உரக்க ஒருமுறை கேட்பாள். அப்புறம்தான் ஃபார்மட். நான் கேலி செய்வேன். "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு, போய் டீ சொல்லு" என்பாள்.

இனி எழுதப்போவதை அவள் இருக்கும்போதே எழுதியிருக்க வேண்டும்.

மைசூர் மைன்ஸ் பகுதியிலிருந்து முனிரத்தினம் ஐயா வைரஸ் பிடித்த கணினியைக் கொண்டுவந்தார். மூன்று டோக்கன்கள் எழுதினாள். இரண்டு வலப்பக்கம் போயின. மூன்றாவதில் 'அம்மா பேச்சு' என்று இருந்தது, இறந்துபோன அவர் மனைவியின் குரல் பதிவு. அதற்கென்று தனியாக ஒரு பென்டிரைவ் வாங்கத் தேவகி கடைத்தெருவுக்குப் போனாள். எதற்குப் போனாள் என்பது எனக்குத் தெரியாது. டி டிரைவை அவள் காப்பி எடுத்து வைத்திருந்தாள்; பதிவும் அதில் இருக்கும் என்று நினைத்தேன். இடப்பக்கம் தொங்கிய டோக்கனையும் பார்த்தேன். மாற்றி மாட்ட மறந்திருப்பாள் என்று நானே முடிவுகட்டி, சி டிரைவை அழித்துப் புதிதாக விண்டோஸ் ஏற்றினேன். பதிவு டெஸ்க்டாப்பில் இருந்திருக்கிறது. டெஸ்க்டாப்பில் வைப்பதெல்லாம் சி டிரைவுக்குள்தான் கிடக்கும். பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

நான்கு நாள் இருவரும் தேடினோம். கோப்பின் பெயர் மட்டும் மீண்டது. திறந்தால் வெறும் இரைச்சல்.

ஐயா வந்தார். நான் திரையைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன். "பெரியப்பா, அது என் கையாலதான் போச்சி" என்றாள் தேவகி. அவர் ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஆயுசுல ஒரே ஒரு தபா அவ என்னப் பேர் சொல்லிக் கூப்ட்டா. வெளையாட்டுக்கு. அது அதுலதாம்மா இருந்திச்சி."

அவர் போனதும் ஏன் என்று கேட்டேன். "திட்டு வாங்க ஒருத்தர் போதும் சேகரு. நீயே போயி சொல்ற அன்னிக்கி சொல்லு" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. டோக்கனை மட்டும் இடப்பக்கத்திலிருந்து கழற்ற விடவில்லை. "மேல வராத ஆள வந்துட்டார்னு மாத்தி மாட்டுவியா?"

ஊருக்குள் சேதி பரவியது. "அந்தம்மாகிட்ட வேணாம், நீங்களே பாருங்க" என்று சிலர் பெட்டியை என்னிடம் நீட்டினார்கள். அவள் காதில் விழும்படியே சொன்னார்கள். வாங்கிக்கொண்டேன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அவளைக் கிடத்தியிருந்த இடத்துக்கு ஐயாவும் கோல் ஊன்றி வந்தார். மாலையைப் போட்டுவிட்டு, "உம்மேல எனக்குக் கோவம் இல்லம்மா. மன்னிச்சிட்டேன். நிம்மதியா போ" என்றார். கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

அன்றிலிருந்து எந்தக் கணினியிலும் அழிக்கலாமா என்ற கேள்வி திரையில் வந்ததும் முதுகுக்குப் பின்னால் அவள் குரல் கேட்கிறது. "உள்ள யாருனா கீறாங்களா?" திரும்பினால் நாற்காலி காலியாக இருக்கிறது. பதில் சொல்லாமல் என் விரல் நகர மறுக்கிறது.

அதனால் இந்தக் கட்டுரையை முதலில் மைசூர் மைன்ஸுக்கு எடுத்துப்போய் ஐயாவுக்குப் படித்துக்காட்டினேன். அவர் என்னைத் திட்டவில்லை. "தப்பே பண்ணாத பொண்ண மன்னிச்சேன்னு சொல்லி அனுப்பிட்டனே. இப்ப அதுகிட்ட யாருப்பா போய்ச் சொல்றது?" என்றார்.

தேவகியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பலகையும் ஒரு டோக்கனும். அது இன்னும் இடப்பக்க ஆணியில்தான் இருக்கிறது.