இரண்டாவது பொலி

பத்து மணிக்கு மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்க வேண்டிய என் மனைவி ராமாயி, முதுகில் கூடையோடு, நான் வேலை செய்யும் தேயிலை ஸ்டோர் வாசலில் வந்து நின்றாள். "என்னாங்க, பேச்சியக்கா போயிட்டாங்க" என்றாள். காலையில் பெரட்டுக்கு வந்து பேர் கொடுத்தவர்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தன் நெரையிலேயே, செடி வரிசைக்கு நடுவில் உட்கார்ந்தாராம், அவ்வளவுதான். ஏழு வருடத்துக்கு முன்னால் எல்லோரும் எதிர்பார்த்தது ராமாயியின் சாவை. அந்த ராமாயி வந்து இந்தச் செய்தியைச் சொன்னதுதான் என்னை உலுக்கிவிட்டது.

மூணாம் லயத்து வீட்டுப் பேச்சியக்காவை உங்களுக்கெல்லாம் சண்டைக்காரியாகத்தான் தெரியும். பொய் சொல்வானேன், சண்டைக்காரிதான். தண்ணீர்ப் பீலியில் யார் குடம் முதலில் என்று ராமாயியோடு மல்லுக்கு நின்று, இரண்டு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கங்காணியோ இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நெரையைக் கொடுத்து வைத்திருந்தார். வாய் திறக்காமலே இருவரும் கொழுந்து எடுத்தார்கள்.

அப்போதுதான் ராமாயிக்குச் சயரோகம் வந்தது. இருமலில் ரத்தம் கண்டதும் தோட்டத்து மருந்துக்காரர் பெரியாசுபத்திரிக்கு அனுப்பினார். மூன்று மாதம் ஊசி போட்டும் உடம்பு தேறவில்லை. இனி உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். நான் வீட்டுக்கு வந்து, மாரியம்மன் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். கண் இருந்தும் பார்க்காத சாமிக்கு விளக்கு எதற்கு என்று அத்தனை ஆத்திரம்.

மறுநாள் காலையிலேயே மலை ஏறினேன். ராமாயியின் நெரையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று கங்காணியிடம் சொல்லத்தான் போனேன். கொழுந்தில் கை வைக்கும்முன் "பொலியோ பொலி" என்று சாமியைக் கூப்பிட்டு, விளைச்சல் பெருகட்டும் என்று கேட்பது நம் வழக்கமாயிற்றே. பேச்சியக்கா தன் நெரையில் நின்று பொலி சொன்னார். பிறகு இரண்டடி தள்ளி, ராமாயியின் நெரைக்கு முன்னால் போய் நின்று இன்னொரு பொலி சொன்னார். உன் சம்சாரம் ஆசுபத்திரிக்குப் போன நாளிலிருந்து இந்தக் கூத்துதான், இரண்டு நெரையையும் இவளே எடுக்கிறாள், அடுத்த ஆளை விட்டால் கடித்துக் குதறுகிறாள் என்றார் கங்காணி.

நான் பேச்சியக்காவிடம் போனேன். ஏன்க்கா என்று மட்டும் கேட்டேன். அவர் கொழுந்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒம் பொண்டாட்டிகிட்டதான் எனக்குப் பேச்சு இல்ல தம்பி. சாமிகிட்டயுமா இல்ல?"

சொல்ல வந்ததைச் சொல்லாமலே இறங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து படத்தைத் திருப்பி, தூசி துடைத்து, விளக்கேற்றினேன். அழுதேன் என்பதை எழுத எனக்கு வெட்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆசுபத்திரியில் ராமாயியிடம் இதைச் சொன்னேன். கஞ்சியைக்கூட ஒதுக்கிக்கொண்டிருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். "என் நெரையில முத்தல் எலையையும் சேத்துப் பறிச்சிருப்பாளே அவ! நான் போய்ப் பாக்கணும்" என்றாள். அன்றைக்குக் கஞ்சியை முழுக்கக் குடித்தாள். ஊசியால் பிழைத்தாளா, சாமியால் பிழைத்தாளா, அந்த ரோஷத்தால் பிழைத்தாளா, எனக்குத் தெரியாது. மூன்றுக்கும் நன்றி சொல்லிவிட்டேன்.

மேலும் ஆறு மாதம் கழித்து அவள் மலைக்குத் திரும்பிய அன்று, வேலைக்கு நேரமாகியும் நான் ஓரமாக நின்று பார்த்தேன். பேச்சியக்கா ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. மோவாயால் நெரையைக் காட்டினார். ராமாயி மெல்லிய குரலில் பொலி சொன்னாள். "சாமிக்குக் காது மந்தம், சத்தமாச் சொல்லு" என்றார் அக்கா. இரண்டு வருடத்துக்கும் மேலாகக் கிடந்த மௌனம் அத்தோடு உடைந்தது. அதன் பிறகு வாரம் ஒரு சண்டையாவது போடாமல் இருவருக்கும் சோறு இறங்கியதில்லை.

அவர் போன மறுநாள் அந்த நெரை ஒரு புதுப் பெண்ணுக்குப் போய்விட்டது. அது சரிதான், தேயிலை காத்திருக்காது. நான் வைத்துக்கொண்டது வேறு. ஸ்டோரில் கொழுந்தில் கை வைக்கும்முன் இப்போது நானும் இரண்டு தடவை சொல்கிறேன். முதல் பொலி எனக்கு. இரண்டாவது, எந்த ஆசுபத்திரியிலோ படுத்துக்கொண்டு, தன் நெரை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கும் யாரோ ஒருத்திக்கு.