புது டிரம்மில் வந்த எண்ணெய்

எனக்கும் அவருக்கும் நிச்சயமான கல்யாணம் நின்றுபோனதற்குக் காரணம் ஒரு டிரம் எண்ணெய். யாராவது கேட்டால் ஜாதகம் ஒத்துவரவில்லை என்று அம்மா சொல்லிவிடுவாள். நானும் மறுத்துப் பேசியதில்லை.

காரைக்காலில் ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே மேடத்தின் வழிகாட்டுதலில் இருவரும் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தோம். அவர் எனக்கு இரண்டு வருடம் சீனியர். போலகத்திலிருந்து பைக்கில் வருவார். நான் கோட்டுச்சேரியிலிருந்து பஸ்ஸில். எங்கள் வேலை ஜியோலைட் என்ற வெள்ளைப் பொடியோடு. பார்க்கக் கோலமாவு மாதிரி இருக்கும். ஒவ்வொரு துகளுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத துளைகள். கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்த பிறகு மிஞ்சுகிற கனமான எண்ணெயை நல்ல சூட்டில் அந்தப் பொடி வழியே விட்டால், பெரிய மூலக்கூறுகள் உடைந்து பெட்ரோலாக வெளியே வரும். கூடவே கந்தகமும் வரும். அது வண்டிப் புகையில் கலந்து நம் நெஞ்சுக்குள் போகும். பொடியில் கொஞ்சம் துத்தநாகம் ஏற்றினால் கந்தகம் குறையுமா என்பதுதான் அவருடைய ஆய்வு.

குறைந்தது. வெறும் பொடியில் வந்ததில் பாதிகூட இல்லை. அன்றைக்கு அவர் கையில் தாளோடு என் மேஜைக்கு ஓடி வந்தார். "இங்க பாரேன், அப்புடியே எறங்கிடுச்சு!" என்றார். அவர் சிரித்து அவ்வளவு சத்தம் நான் கேட்டதே இல்லை. கட்டுரை எழுதினோம், ஒரு பத்திரிகை ஏற்றுக்கொண்டது. குஜராத்தில் ஒரு சுத்திகரிப்பு ஆலையில் அவருக்கு வேலை ஏறக்குறைய உறுதியானது. அந்தத் தைரியத்தில்தான் தை மாதம் அவர் வீட்டார் எங்கள் வீட்டுக்கு வந்து பூ வைத்துவிட்டுப் போனார்கள். வைகாசியில் கல்யாணம் என்று பேச்சு.

என் ஆய்வு அதே பொடியில் வேறொரு உலோகத்தை ஏற்றுவது. அதற்கு முன்னால், ஒப்பிட்டுப் பார்க்க, வெறும் பொடியை வைத்து ஒரு தடவை ஓட்ட வேண்டும். ஓட்டினேன். உலோகமே இல்லாத பொடியிலும் ஏறக்குறைய அவருக்கு வந்த அதே குறைந்த அளவு கந்தகம் வந்தது. என் கைதான் எங்கோ தப்புச் செய்திருக்கிறது என்று குழாயைக் கழுவி மறுபடி ஓட்டினேன். மூன்றாவது தடவையும் அப்படியே.

பிறகு அவருடைய பதிவு நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். வெறும் பொடியை அவர் பழைய டிரம் எண்ணெயில் ஓட்டியிருந்தார். துத்தநாகப் பொடியை ஓட்டியது, பிறகு வந்த புது டிரம் எண்ணெயில். நான் ஓட்டியதும் அதில்தான். இரண்டு எண்ணெயையும் அப்படியே எடுத்துக் கந்தகம் அளந்தேன். புது டிரம்மில் வந்தது ஏற்கெனவே கந்தகம் நீக்கிய எண்ணெய். டிரம்மில் ஒட்டியிருந்த சீட்டில் பொடி எழுத்தில் அது இருக்கத்தான் செய்தது. எங்களில் யாரும் படிக்கவில்லை.

மதியம் அவரிடம் காட்டினேன். தாளை இரண்டு தடவை படித்துவிட்டுக் கேட்டார்.

"பழைய டிரம்முல ஏதாச்சும் மிச்சம் இருக்கா?"

"அடியில கொஞ்சம் இருக்குங்க."

ஸ்டூலில் உட்கார்ந்தார். "எனக்கு ஒரு வாரம் குடு, அதுல ஓட்டிப் பாத்துடுறேன். மேடத்துக்கிட்ட நானே சொல்றேன். நீ சொல்லிடாத."

"சரிங்க" என்றேன்.

நான்கு நாள் அவர் மேடத்திடம் எதுவும் சொல்லவில்லை. வந்தார், இயந்திரத்தை ஓட்டினார், டிபன் பாக்ஸைத் திறந்து பாதியில் மூடினார். நான்காம் நாள் மேடம் என்னை மாடிக்குக் கூப்பிட்டார். கட்டுரையின் அச்சுப்படி வந்திருந்தது. "எழுத்துப்பிழை மட்டும் ஒரு தடவ பாத்துடும்மா, நாளைக்குக் காலையில அனுப்பிடலாம்."

முதல் பெயர் அவருடையது, இரண்டாவது என்னுடையது. நடுவில் அந்த வரைபடம், சரிவாக இறங்கும் கோடு. அவர் கீழ்த்தளத்தில்தான் இருந்தார். படியிறங்கிப் போய், "இப்ப சொல்லிடுங்க" என்று கூப்பிட்டு வந்திருக்கலாம். நான் போகவில்லை. அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சொல்லமாட்டார் என்று பயந்துவிட்டேன். அவரை நம்பவில்லை என்பதுதான் அதற்கு நேரான வார்த்தை.

மேடம் அவரை வரச்சொல்லிக் கேட்டார். "ஆமா மேடம், தெரியும்" என்று மட்டும் சொன்னார். வெளியே வந்ததும் என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை.

"இன்னைக்குச் சாயங்காலம் சொல்றதா இருந்தேன்."

"நாளைக்கே அனுப்பிடுவாங்கன்னு..."

"கீழதான இருந்தேன்? ஒரு வார்த்த கூப்புட்டிருக்கலாம்ல?"

அன்று சாயங்காலம் அவர் நிஜமாகவே சொல்லியிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. சொல்லியிருப்பார் என்றே நினைக்கிறேன். அப்படி நினைக்கிற நாட்களில்தான் தாங்க முடிவதில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். குஜராத் வேலை கைவிட்டுப் போனது. இரண்டு வாரம் நாங்கள் ஒரே அறையில் அதிகம் பேசாமல் வேலை செய்தோம். நான் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டேன். "நீ செஞ்சது தப்பில்ல" என்றார் இரண்டு முறையும். திட்டியிருந்தால் தேவலை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய அப்பா மட்டும் தனியாக வந்தார். "பையன் இப்ப கல்யாணம் வேணாங்குறான். நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க" என்று என் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர்கள் வைத்துக் கொடுத்த புடவையை அம்மா பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

வந்தவர் போனபின் அப்பா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நீ ஏதாச்சும் தப்பு செஞ்சியாம்மா?"

"இல்லப்பா."

சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய், அடிபம்பை அடித்துக்கொண்டே அழுதேன். சத்தம் உள்ளே கேட்கக் கூடாதே என்று குடம் நிரம்பி வழிந்தும் அடித்துக்கொண்டிருந்தேன்.

ஆய்வை அவர் விடவில்லை. பழைய எண்ணெய் போலவே ஒரு டிரம் வரவழைத்து, இன்னொரு வருடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தார். துத்தநாகம் கந்தகத்தைக் குறைக்கத்தான் செய்தது. கொஞ்சம்தான், ஆனால் நிஜமாக. அதை வைத்து ஆய்வேட்டைக் கொடுத்தார்.

வாய்மொழித் தேர்வுக்கு நான் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர், முதலில் செய்த பிழை எப்படித் தெரியவந்தது என்று கேட்டார். அவர் தண்ணீர் குடித்தார். "எங்க லேப்ல ஒருத்தங்க கவனிச்சாங்க சார்" என்றார். என் பக்கம் பார்க்கவில்லை.

முடிந்ததும் வாழ்த்துச் சொல்லப் போனேன். சுற்றிலும் ஆட்கள், கையில் டீயும் மிக்சரும். என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

"வந்ததுக்கு ரொம்ப நன்றிங்க. டீ சாப்புட்டுப் போங்க."

மூன்று வருடம் 'வா', 'போ' என்று கூப்பிட்ட வாய். டீயை வாங்கிக் குடித்தேன். சூடு தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வாசலிலேயே நிறுத்தினாள்.

"பேசுனிச்சா அந்தப் புள்ள?"

"பேசுனாரும்மா."

"என்ன சொல்லுச்சு?"

"டீ சாப்புடச் சொன்னாரு."

அம்மா உள்ளே போய்த் தட்டை வைத்துச் சோறு போட்டாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.