புரொம்னாது என்றொரு மருந்து

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி பறந்த கடைசி வருஷங்கள் அவை. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க உட்கார்ந்தே பெருத்த எனக்கு, மாடிப்படி ஏறினால் நெஞ்சை அடைத்தது. சைகோனில் வேலை பார்த்துத் திரும்பிய டாக்டர் சோதித்துவிட்டு, "சாயங்காலம் தவறாம புரொம்னாது. இல்லேன்னா இதயம் தாங்காதுங்க" என்றார்.

மருந்தின் பெயர் என்றே நினைத்தேன். மருந்துக்கடையில் கேட்டதும், "இதுதாங்க அது" என்று ஒரு டானிக்கைக் கொடுத்தார்கள். இனித்தது. குடித்துவிட்டு மெத்தையில் சாய்ந்துவிடுவேன். ஒரு வெள்ளிக்கிழமை கடைப்படியிலேயே மயங்கி விழுந்தேன்.

சீசாவைப் பார்த்த டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "அடடா, பிரெஞ்சுல உலாத்தப் போங்கன்னுல்ல சொன்னேன்!" தன்னிடம் வைத்தியம் பார்க்கும் காதர் நானாவைக் கூப்பிட்டு, அரசலாற்றங்கரையில் மாலைதோறும் கடற்கரைவரை நடக்கும் அவர் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிட்டார்.

"மருந்தக் குடிச்சே கடற்கரைக்குப் போயிடலாம்னு பாத்தீங்களோ?" என்று கேலி செய்துகொண்டே, நானா எனக்காகத் தன் நடையைக் குறைத்துக்கொண்டார். உப்புக்காற்றும் ஆற்றில் கரையும் வெயிலுமாக, மூச்சு மெல்ல மெல்ல எனக்குத் திரும்பியது.

கொடி இறங்கியது. டாக்டரும் கப்பலேறிவிட்டார். இப்போதெல்லாம் புரியாத சொல்லை வைத்தியரிடமே கேட்டுவிடுகிறேன். மாலையில் செருப்பை மாட்டும்போது, எங்கே என்று கேட்கும் மனைவியிடம் மட்டும், "மருந்து குடிக்க" என்கிறேன்.