செருப்பைத் தர மறுத்த வெல்ல வியாபாரி

முப்பதுகளின் கடைசியில் திருவனந்தபுரத்தில் நடந்தது இது. அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கரமனையில் வீடு, சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா உத்தியோகம், புத்தம் புது சைக்கிள். ஓண லீவில் அந்த சைக்கிளில் தன்னந்தனியாகச் சுற்றுவதென்று கிளம்பினேன். முதல் நாள் விழிஞ்ஞம் குகைக்கோயில். மறுநாள் வர்க்கலையில் குன்றிலிருந்து கொட்டும் ஊற்றும் கடற்கரையும். கூட்டுக் குடும்பத்தில் பிறந்தவன் நான். ஒருவரும் கேள்வி கேட்காத இரண்டு நாள் வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

நம் ஊரில் அது நடக்குமா? விழிஞ்ஞத்தில் குகையை எட்டிப் பார்த்துத் திரும்புவதற்குள் சாயாக்கடைக்காரர் வந்துவிட்டார். ஓணமும் அதுவுமாக ஒற்றைக்கு வந்திருக்கிறேனே, வீட்டில் பிணக்கமா என்று விசாரித்தார். வர்க்கலையில் இன்னும் மோசம். செத்தவர்களுக்குப் பலி போடும் பாபநாசக் கடற்கரையில் தர்ப்பையோடு நின்ற புரோகிதர், யாருக்குப் பலி போட வேண்டும் என்று கேட்டார். எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை என்றேன். பின்னே எதற்கு இங்கே வந்தேன் என்றார்! ஊற்றையும் கடலையும் பார்க்க வந்தேன் என்றதும் அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னவென்று சொல்ல?

எரிச்சலோடு கொஞ்சம் தள்ளிப் போய், குளிக்கலாமென்று சட்டையை மடித்து வைத்து, அதன்மேல் கைக்கடிகாரத்தை வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு அலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காற்று ஆளைத் தள்ளியது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

"சாமி, பரீட்சையில தோத்துப் போச்சா?"

குடையும் கையுமாக ஒரு பெரியவர். நாகர்கோவில் பக்கத்து வெல்ல வியாபாரியாம். ஓணத்துக்குக் கொண்டுவந்த சரக்கை விற்றுவிட்டு, ஊர் திரும்புமுன் ஒரு முழுக்குப் போட வந்தாராம். எனக்கு உத்தியோகம் இருக்கிறது என்றேன். அப்படியானால் பெண் காரியமா என்றார். இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டேன். அவர் நகரவில்லை. அலையில் கால் நனைய நான் பத்தடி நடந்தால் அவரும் கரையில் பத்தடி நடந்தார். திரும்பிப் பார்த்தால், என் செருப்பு அவர் கக்கத்தில் இருந்தது.

"ஓய், செருப்பைக் குடுத்துட்டுப் போம்! என்னைக் கொஞ்சம் தனியா விடுமேன்!" என்று கத்தினேன்.

"கரைக்கு ஏறி வாரும், தாரேன். செருப்பையும் சட்டையையும் ஒழுங்கா வச்சிட்டு ஒத்தையில கடலுக்குள்ள நடக்கிறவன் திரும்பி வரமாட்டான், சாமி."

அப்போதுதான் அவர் என்னை என்னவென்று நினைத்திருக்கிறார் என்று புரிந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. குளிக்க வந்தவன் குளிக்கத்தான் செய்வேன் என்று காட்டுவதற்காகவே விறுவிறுவென்று கடலில் இறங்கினேன். இடுப்பளவு தண்ணீர்தான். காலடி மணல் சட்டென்று நழுவியது. அடுத்த அலை என்னைப் புரட்டி உள்ளே இழுத்தது. கரமனை ஆற்றில் பழகிய நீச்சல் அங்கே ஒன்றுக்கும் உதவவில்லை. செத்தேன் என்றே நினைத்தேன்.

பெரியவர் போட்ட கூச்சலில், பக்கத்தில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கயிற்றோடு ஓடி வந்தார்கள். என்னை இழுத்துக் கரையில் போட்டார்கள். குடித்த உப்புத் தண்ணீரைக் கக்கிவிட்டு நான் சொன்ன முதல் வார்த்தை, "குளிக்கத்தான் வந்தேன்" என்பது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும், ஜுரத்தில் பிதற்றுகிறவனுக்குத் தலையாட்டுவதுபோல் தலையாட்டினார்கள். புரோகிதரும் ஆட்டினார். அவமானமாக இருந்தது.

வியாபாரி விடவில்லை. ஊற்றடிக்கு அழைத்துப் போய், என் உள்ளங்கையில் ஊற்று நீரைப் பிடிக்க வைத்தார்.

"இனி ஒருக்காலும் இந்தக் காரியத்துக்குத் துணியமாட்டேன்னு சத்தியம் பண்ணும்."

நினைக்கவே நினைக்காத காரியத்தைச் செய்யமாட்டேன் என்று எப்படிச் சத்தியம் செய்வது? எவ்வளவோ வாதாடிப் பார்த்தேன். செருப்பு இன்னும் அவர் கக்கத்திலேயே இருந்தது. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு சத்தியம் செய்து செருப்பை வாங்கினேன்.

அதோடு தீர்ந்ததா? எனக்கு எந்த ஆபீஸ் என்று அன்றே கேட்டு வைத்துக்கொண்டவர், திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்குச் சரக்கு கொண்டுவரும்போதெல்லாம் என் ஆபீஸ் வாசலுக்கு வந்து நிற்பார். ஜன்னல் வழியே நான் தெரிந்தால் போதும், தலையசைத்துவிட்டுப் போய்விடுவார். ஆபீசில் எல்லோரும் என்னைக் கேலி செய்தார்கள். யுத்த காலத்தில் அவர் வருவது நின்றது. அப்பாடா என்று இருக்க வேண்டியவன், பல நாள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு வெகு காலம் கழித்து, அன்று அவர் பயந்தாரே, எனக்கு உண்மையாகவே அப்படி ஒரு நாள் வந்தது. காரணத்தை இங்கே எழுதப் போவதில்லை. வீட்டு வாசலிலேயே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கரமனை ஆற்றங்கரைக்குப் போய் நின்றவனுக்கு, அந்த மனிதரும் அவர் கக்கத்தில் இருந்த என் செருப்பும் நினைவுக்கு வந்தன. எரிச்சலில் செய்த சத்தியமானாலும் சத்தியம்தானே என்று, வெறுங்காலோடு வீட்டுக்குத் திரும்பி நடந்தேன்.