முப்பதும் முப்பத்திரண்டும்

ஆல்டன் ஸ்காரை நல்ல மனிதன் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. வேலி கட்டுவதில் சோம்பேறி. தேவாலயத்துக்கு வந்தால் கடைசி வரிசையில் தூங்குவான். ஆனால் கேட்டவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. இதைக் குணமாகக் கொள்வதா, மறுக்கத் தைரியம் இல்லாததாகக் கொள்வதா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். எம்மெட் லண்ட் இறந்த பிறகு அந்தக் கேள்வி எனக்கு இன்னும் கடினமாகிவிட்டது.

மொன்டானாவில், மலைகள் சமவெளியில் வந்து முடியும் இடத்தில் இருக்கிறது எங்கள் பள்ளத்தாக்கு. மாடு வைத்திருக்கிறோம். எல்லார் வண்டியிலும் ஒரு குட்டைக்குழல் லீவர் துப்பாக்கி, கார்பைன், கிடக்கும். தோட்டா அளவு முப்பது-முப்பது. அதைவிடச் சிறந்த அளவுகள் உண்டு. கடையில் கிடைக்கவும் செய்கின்றன. ஆனால் பக்கத்து நிலத்துக்காரனிடம் இருப்பது முப்பது-முப்பது. தோட்டா தீர்ந்தால் அவன் வண்டிக்குள் கையை விட்டு நாலைந்து எடுத்துக்கொள்ளலாம். திருப்பித் தரவேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை.

ஆல்டனிடம் இருந்தது மட்டும் வேறு அளவு. அவனுடைய அப்பா விட்டுப்போன முப்பத்திரண்டு. துப்பாக்கிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அடையாளம் சொல்ல முடியாது. தோட்டாக்களும் அப்படித்தான். ஒரே உயரம், ஒரே விளிம்பு. முனையிலுள்ள குண்டு மட்டும் மயிரிழை பருமன் கூடுதல். அடியில் பொறித்த எண்ணைப் படித்தால்தான் நிச்சயம்.

யாருக்கும் இல்லை என்று சொல்ல முடியாததால், தன் துப்பாக்கிக்கு உதவாத முப்பது-முப்பது தோட்டாக்களையும் அவன் வாங்கி வைத்திருந்தான். கேட்பவர்களுக்குக் கொடுப்பதற்காக. தன்னுடையதையும் அவற்றையும் ஒரே புகையிலை டப்பாவில் போட்டு வண்டியின் முன்பலகையில் வைத்திருந்தான். வேறு எந்த ஊரிலும் இந்தத் தவறு நடந்திருக்காது என்று நினைக்கிறேன்.

கன்று ஈனும் பருவத்தில் ஒரு காலை, ஓடைப் பக்கம் செத்துக் கிடந்த கன்றைப் பார்க்கப் போன எம்மெட், வழியில் ஆல்டனின் வண்டியை நிறுத்தி டப்பாவில் கையை விட்டான். குளிருக்குக் கனத்த கையுறை போட்டிருந்தான். ஆல்டன் "எடுத்துக்கோ" என்றான். இருவரும் மழையைப் பற்றி ஏதோ பேசினார்கள்.

செத்த கன்றின் மேல் ஒரு கரடி படுத்திருந்தது. எம்மெட்டின் முதல் குண்டு அதன் மேல் பட்டிருக்கிறது. பிறகு அடுத்த தோட்டாவை ஏற்ற லீவரை இழுத்துத் தள்ளியிருக்கிறான். இரண்டாவது தோட்டா பாதி நுழைந்து நின்றுவிட்டது. அவன் உடலைக் கண்டெடுத்தபோது துப்பாக்கியின் லீவர் திறந்தபடி இருந்தது. சிக்கியிருந்த தோட்டாவின் அடியில் இருந்த எண்ணை ஷெரீப் படித்தார். அந்த எண் கொண்ட துப்பாக்கி பள்ளத்தாக்கில் ஒன்றுதான்.

வழக்கு எதுவும் இல்லை. எம்மெட்டின் மனைவி தோரா அடக்கத்தன்று ஆல்டனோடு பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை. மற்றவர்கள் பேசினார்கள், வானிலை, வைக்கோல், மாட்டு விலை. ஆனால் அவனிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. தோட்டா மட்டுமல்ல, கம்பி இழுக்கும் கருவியைக் கேட்கவில்லை, வண்டியைக் கேட்கவில்லை, வைக்கோல் ஏற்ற ஒரு கை கேட்கவில்லை. கொடுப்பதைத் தவிர வேறு எந்த வழியிலும் மனிதரோடு பழகத் தெரியாதவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனையை ஒரு நீதிபதியால் யோசித்திருக்க முடியாது. நாங்கள் யோசிக்காமலே செய்தோம்.

ஆகஸ்டில் அவன் ஓட்டிஸின் கடைக்கு வந்தான். தீவனம், ஆணி, துப்பாக்கி எல்லாம் விற்கும் கடை. நானும் மெர்லும் அணைந்து கிடந்த கணப்பு அடுப்பருகே காபி குடித்துக்கொண்டிருந்தோம். மெர்ல் எம்மெட்டின் ஒன்றுவிட்ட சகோதரன். நாக்கில் எப்போதும் சாணை பிடித்து வைத்திருப்பவன்.

"ஒரு கார்பைன் வேணும்" என்றான் ஆல்டன். "செப்டம்பர்ல மாடு இறக்க மலைக்குப் போகணும்."

ஓட்டிஸ் சுவரில் மாட்டியிருந்த துப்பாக்கிகளின் பக்கம் திரும்பினான். "பழசைக் கொண்டு வர்றியா? கழிச்சுக்கலாம்."

"இல்ல. அதை இன்னொருத்தன் கையில குடுக்கமாட்டேன்."

ஓட்டிஸ் மூன்றைக் கீழே இறக்கி மேசையில் வைத்தான். ஒன்று நாற்பத்து நான்கு. "இடுப்புத் துப்பாக்கிக்கும் இதே தோட்டா போடலாம். கிட்டத்துல இருந்தா பரவால்ல. நூறு கெஜம் தாண்டினா கரடி உன்னைப் பாத்துச் சிரிக்கும்." அடுத்தது நாற்பத்தைந்து-எழுபது. கட்டைவிரல் போன்ற தோட்டாவை நிறுத்தி வைத்தான். "இது கரடிக்குன்னே செஞ்சது மாதிரி. சந்தேகமே இல்ல."

"கரடி சாகும்" என்றான் மெர்ல். "கூடவே உன் தோளும் கழண்டு விழும். பொறுக்கி எடுத்துட்டு வர ஒரு பையும் வாங்கிக்கோ."

ஆல்டன் சிரிக்கவில்லை. அந்தப் பெரிய தோட்டாவை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். "இதை வேற எதோடவும் மாத்திப் போட முடியாதுல்ல?"

"கண்ணு தெரியாதவன்கூட மாத்தமாட்டான்" என்றான் ஓட்டிஸ். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா ஒண்ணு. இதை வாங்கினா உன்கிட்ட யாரும் கடன் கேக்க முடியாது. நீயும் யார்கிட்டயும் கேக்க முடியாது."

"எல்லாருக்கும் நிம்மதி."

"அப்ப இதையே கட்டவா?"

"அதான் யோசிக்கறேன்."

அவன் யோசித்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த மேசையில் இருந்தவை வெறும் அளவுகள் அல்ல என்று அப்போது எனக்குத் தோன்றியது. ஒருவருக்கும் தீங்கு செய்ய முடியாத இடத்துக்கு ஒதுங்கிவிடலாம். அந்த இடத்திலிருந்து ஒருவருக்கும் உதவவும் முடியாது. அதைத் தன்னடக்கம் என்று ஊர் மெச்சவும் கூடும். எனக்கு அதில் மரியாதை இல்லை. ஆனால் அவன் நிலையில் நான் இருந்தால் நாற்பத்தைந்து-எழுபதைத்தான் வாங்கியிருப்பேன்.

ஆல்டன் அதைக் கீழே வைத்தான். மூன்றாவதைத் தொட்டான். "முப்பது-முப்பது குடு. ரெண்டு பெட்டி தோட்டா."

மெர்ல் காபியை அடுப்பின் மேல் வைத்தான். "உன் தோட்டாவை இனிமே எவன் வாங்குவான், ஆல்டன்?"

ஆல்டன் மெர்லைப் பார்த்தே சொன்னான்: "தெரியல. அதைத் தெரிஞ்சுக்கணும்."

செப்டம்பரில் கோடை மேய்ச்சலிலிருந்து மாடுகளை இறக்க எல்லாரும் சேர்ந்து மலையேறுவோம். மேல் முகாமில் முதல் வேலை, கொண்டுவந்த தோட்டாக்களைப் பெரிய காபி டப்பா ஒன்றில் கொட்டுவது. யாருக்கு எவ்வளவு வேண்டுமோ அதிலிருந்து எடுத்துக்கொள்வது. அன்று மாலை வெளிச்சம் போவதற்குள் எல்லாரும் சட்டைப் பையிலிருந்தும் சேணப் பையிலிருந்தும் அள்ளிப் போட்டார்கள். ஆல்டன் கடைசியாக வந்தான். புதுப் பெட்டியைப் பிரித்து, பளபளத்த தோட்டாக்களைக் கொட்டினான். தகரத்தில் விழுந்த ஓசை பெரிதாகக் கேட்டது.

அதற்குப் பிறகு டப்பாவில் யாரும் கை வைக்கவில்லை. "என்கிட்ட போதும்" என்றான் ஒருவன். "எனக்கும்" என்றான் இன்னொருவன். சற்று முன்னால் தங்களிடம் இருந்ததையெல்லாம் கொட்டியவர்கள்தான் அவர்கள். ஆல்டன் டப்பாவின் பக்கத்திலேயே நின்றான். பீன்ஸ் கொதிக்கும் வாசனை வந்தது. எவரும் சாப்பிடக் கூப்பிடவில்லை.

மேல் ஓடையைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்த தோரா அப்போதுதான் குதிரையிலிருந்து இறங்கினாள். இப்போது லண்ட் மாடுகளை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். "தண்ணியோரம் பெரிய கரடித் தடம் இருக்கு" என்றாள். "காலையில அந்தப் பக்கம் நான் போறேன். எனக்குத் தோட்டா வேணும்."

அவள் டப்பாவைப் பார்த்தாள், அதன் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தாள். புரிந்துகொள்ள அவளுக்கு நேரம் ஆகவில்லை. தரையில் விரித்திருந்த கித்தானைக் காட்டி, "இங்க கொட்டு" என்றாள்.

ஆல்டன் கொட்டினான்.

"உக்காரு. ஒவ்வொண்ணா எடுத்துப் படி. எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

அவன் மண்டியிட்டான். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டான். முதல் தோட்டாவின் அடியை வெளிச்சத்துக்குத் திருப்பி, "முப்பது-முப்பது" என்றான். டப்பாவில் போட்டான். "முப்பது-முப்பது." அடுத்தது. அவன் குரல் பள்ளிப் பையன் வாய்ப்பாடு சொல்வது போல ஒரே தொனியில் போனது. மெர்ல் வேறு பக்கம் திரும்பி நெருப்பைக் கிளறினான். இது பழிவாங்கல் என்று நினைத்தேன். மனிதனை ஊர் நடுவில் மண்டியிட வைப்பது வேறென்ன.

பாதிக்கு மேல் முடிந்திருக்கும். ஒரு தோட்டாவைத் திருப்பியவன் நிறுத்திவிட்டான்.

"படி" என்றாள் தோரா.

"முப்பத்திரண்டு."

நெருப்பருகே இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். அது அவன் கொட்டியது இல்லை என்று பார்த்தவுடனே தெரிந்தது. பித்தளை கறுத்துப் போயிருந்தது. விளிம்பில் கோட்டுப் பையின் நூல் ஒட்டியிருந்தது. என்றோ ஒரு நாள் அவனுடைய வண்டியிலிருந்து எங்களில் ஒருவன் அள்ளியது. பையில் கிடந்து, இன்று மாலை பார்க்காமலே கொட்டப்பட்டது. யார் பையிலிருந்து வந்தது என்று எவராலும் சொல்ல முடியவில்லை. மெர்ல் தன் கோட்டுப் பைக்குள் கையை விட்டு, அப்படியே வைத்திருந்தான். நானும் என் பையைத் தடவினேன்.

தோரா அதை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினாள். "மிச்சத்தையும் படி" என்றாள்.

அவன் கடைசி வரை படித்தான். இப்போது தொனி மாறியிருந்தது. ஒவ்வொன்றையும் இருமுறை பார்த்தான். கித்தான் காலியானதும் டப்பாவை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை. உள்ளங்கையை விரித்தாள்.

"நீ எடுத்துக் குடு."

ஆல்டன் எண்ணாமல் ஒரு பிடி எடுத்தான். பிறகு அதையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து அவள் கையில் வைத்தான்.

"எம்மெட்டும் பாக்கல" என்றாள் அவள், தாழ்ந்த குரலில், அவனிடம் மட்டும் சொல்வது போல. "கையுறையைக் கழட்டுன்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன் அவன்கிட்ட."

ஆல்டன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"வேண்டாம்" என்றாள். "காலையில என்கூட வா. மேல் ஓடைக்கு ரெண்டு பேர் வேணும்."

அவள் குதிரையின் அருகே போய்ச் சேணத்திலிருந்து கார்பைனை உருவினாள். கண் மலையின் மேல் இருந்தது. விரல்கள் பழக்கத்தில் தோட்டாக்களை ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே தள்ளின. ஒன்றின் அடியைக்கூட அவள் பார்க்கவில்லை.

அதை மன்னிப்பு என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அவள் அப்படி ஒரு சொல்லைச் சொல்லவும் இல்லை. மெர்ல்தான் முதலில் அசைந்தான். டப்பாவின் முன்னால் வந்து நின்று, கோட்டுப் பையிலிருந்த கையை வெளியே எடுத்து நீட்டினான்.

"எனக்கும் அஞ்சாறு குடுப்பா" என்றான். "படிச்சுக் குடு."