களத்தோரம் எரிந்த நர்சரிக் கவர்கள்

நீங்கள்தான் எரித்தீர்கள். எங்கள் எஸ்டேட் மேனேஜரே, உங்களைத்தான் சொல்கிறேன்.

நான் நர்சரியில் வேலை செய்கிறேன். கறுப்பு பிளாஸ்டிக் கவரில் மண் நிரப்பிக் காப்பி நாற்று வளர்ப்போம். மழை பிடித்ததும் கொண்டுபோய் நடுவோம். நடும்போது கவரை பிளேடால் கிழித்து வீசுவதுதான் வழக்கம். வீசியதையெல்லாம் பிறகு கூட்டி அள்ளி, நாங்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு மேலே காப்பி உலர்த்தும் களத்தோரம் போட்டுக் கொளுத்துவார்கள். புகை நேராக எங்கள் வீட்டுக்குள் இறங்கும். என் வீட்டுக்காரருக்கு இளைப்பு நோய்.

ஒருமுறை அப்படிக் கொளுத்திய அன்று அவர் வாசல்படியில் உட்கார்ந்து, முட்டியில் கை ஊன்றி, மூச்சுக்குத் தவித்தார். ஜீப் பிடித்து ஏற்காடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது முடிவு செய்தேன். எரிக்காதீர்கள் என்றால் யாரும் கேட்கப்போவதில்லை. எரிப்பதற்கே ஒன்றும் இல்லாமல் செய்துவிட வேண்டும்.

முதலில் எங்கள் வீட்டுக் குப்பை; அதுவும் அந்தக் குவியலில்தான் எரியும். பாக்கெட் வாங்குவதை விட்டேன். எண்ணெய்க்குத் தூக்குப் போசி, பருப்புக்குத் துணிப்பை. மஞ்சக்குட்டை ஊர்க் கடைக்காரர் பார்த்துவிட்டு, "ஏனுங்கக்கா, சம்பந்தி ஊட்டுக்குச் சீர் கொண்டுட்டுப் போறீங்களா?" என்றார்.

"பேச்ச உட்டுப்போட்டு அளந்து ஊத்துங்க."

வீட்டுக்காரருக்கு ஒரே சிரிப்பு. "எம்மூச்சக் காப்பாத்தறேன்னு இவ கடைக்காரன் உசுர வாங்கறா" என்று லைன் முழுக்கச் சொல்லி வைத்தார்.

அடுத்து வேலையிடம். கவரைக் கிழிக்காமல் நாற்றை எடுக்கப் பார்த்தோம். முதல் நாள் தண்டைப் பிடித்து இழுத்ததில் மண் உதிர்ந்து, நாற்றுகள் வாடிப்போயின. அன்று சாயங்காலமே தண்ணீர் விட்டு வைத்து, மறுநாள் கவரை இரண்டு கையாலும் அமுக்கி உருட்டினோம். செடி மண்ணோடு வழுக்கி வந்தது.

"நொம்ப நேரமாகுதுங்கக்கா. மேஸ்திரி கத்துவாரு" என்றாள் கூட நட்டவள்.

"கத்துனா எங்கிட்ட அனுப்பு சாமி."

உங்களிடம் வந்து சொல்லிவிட்டுத்தான் செய்தோம். "நல்லதும்மா, செய்யுங்க" என்றீர்கள். காலிக் கவர்களைக் கழுவிக் காயவைத்து, அடுத்த நாற்றுக்கு ஆகும் என்று கட்டுக்கட்டாக நர்சரி ஷெட்டோரம் அடுக்கினோம். அந்தப் பருவம் களத்தோரம் புகை இல்லை. வீட்டுக்காரர் ராத்திரி படுத்துத் தூங்கினார்.

பிறகு எஸ்டேட்டில் கூட்டம் வைத்தீர்கள். குப்பையைக் குறைப்பது பற்றிய கூட்டம். வெளியூர் விருந்தாளிகள் வருகிறார்கள், ஷெட்டோரம் அசிங்கமாக இருக்கிறது என்று முந்தின நாள் வாட்ச்மேனிடம் சொல்லி எங்கள் கட்டுகளை அள்ளிக் களத்தோரம் போட்டுக் கொளுத்தினீர்கள். வாடை வந்து நான் ஓடிவருவதற்குள் பாதி உருகிவிட்டது. கீழே வீட்டுக்காரருக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. இந்த முறை ஆஸ்பத்திரியில் அவருக்கு ஆக்சிஜன் வைத்தார்கள்.

போன் செய்து கேட்டதற்கு, "அதுக்கென்னம்மா, புதுக் கவர் வாங்கித் தர்றேன்" என்றீர்கள்.

மறுநாள் வீட்டுக்குத் துணி எடுக்க வந்தபோது உங்கள் கூட்டத்தைப் பார்த்தேன். நாற்காலிக்கு நாற்காலி அச்சடித்த நோட்டீஸ், ஒரு பிஸ்கட் பாக்கெட், ஒரு தண்ணீர் பாட்டில், டீக்குப் பேப்பர் கப். நோட்டீஸை வாசித்துப் பார்த்தவர்கூட அதை மடித்து நாற்காலிக்கு அடியில் போட்டார். எல்லாரும் போனதும் வாட்ச்மேன் அத்தனையையும் கூட்டிக் களத்தோரம் குவித்தார். தீப்பெட்டியை அவர் கையிலிருந்து பிடுங்கினேன்.

"நான் என்னங்க பண்றது, மேனேஜர் சொல்லிட்டாருங்க."

"உங்க மேனேஜரையே வந்து கொளுத்தச் சொல்லுங்க. நான் இங்கதான் நிக்கறேன்."

நீங்கள் வரவில்லை. குப்பையைச் சாக்கில் அள்ளி உங்கள் ஆபீஸ் வாசலில் வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் வீட்டுக்காரர் இப்போது நாலடி நடந்தால் நிற்கிறார்.

ஆபீஸ் அறைக்குள் கூப்பிட்டுச் சமாதானம் பேச வேண்டாம். கிராம சபை கூடப்போகிறது. லைன் ஆட்கள் அத்தனை பேரும் வருவோம். எழுந்து நின்று சொல்லுங்கள்: எங்கள் வீட்டுக்கு மேலே இனி எதையாவது கொளுத்துவீர்களா, மாட்டீர்களா?